கிழக்கு அறையில் ஒரு கட்டில்

ஊருக்கு வெளியே, தோப்பும் புல்வெளியுமாகக் கிடந்த அந்தப் பழைய மாளிகையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவனுக்கு நவீனக் கலை என்றாலே ஒவ்வாமை. வருஷா வருஷம் அங்கே நடக்கும் கலைக் கண்காட்சிக்கு யாராவது வந்து புல்வெளியில் துருப்பிடித்த இரும்பு வளையங்களை நட்டு வைப்பார்கள். விருந்துக் கூடத்தில் நாற்காலிகளைத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். ஃப்யூஸ் போனால் மட்டும் இவன் ஞாபகம் வரும்.

இந்த வருஷம் கலைஞர்கள் பட்டியலில் அவன் தங்கையின் பெயர் இருந்தது. அம்மா போய் ஒன்றரை வருஷம். அடக்கம் முடிந்த மறுநாள் சண்டை போட்டுப் பிரிந்ததோடு சரி, இருவருக்கும் பேச்சில்லை. "அம்மாவோட சாமானெல்லாம் எனக்கு வேணும்" என்று அவள் ஆள் விட்டுக் கேட்டபோது, எப்படியோ போகட்டும் என்று கட்டில் முதற்கொண்டு அள்ளிக் கொடுத்திருந்தான்.

விளக்கு மாட்ட ஏணியோடு மாடியின் கிழக்கு அறைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பூவேலை செய்த கூரைக்குக் கீழே அம்மாவின் இரும்புக் கட்டில். ஓரம் கிழிந்த போர்வை, மாத்திரை டப்பா, ஒரு கால் உடைந்த மூக்குக்கண்ணாடி. நாலு வருஷம் அவன் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டிவிட்ட அம்மா மட்டும் இல்லை.

தண்ணீர் டம்ளர் கட்டிலுக்கு இடது பக்கம், ஸ்டூல் மேல் இருந்தது. பக்கவாதத்தில் அம்மாவுக்கு விழுந்துபோனது இடது பக்கம்தான். அவன் கை தானாக ஸ்டூலை வலது பக்கம் நகர்த்தியது.

"அதைத் தொடாதண்ணா." வாசலில் தங்கை நின்றிருந்தாள்.

"அந்தப் பக்கம் வெச்சா அம்மாவால எப்படி எடுக்க முடியும்? அதுகூடத் தெரியாம ஊருக்குக் காட்ட வந்துட்டியா?"

"எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான் வெச்சேன்."

"உனக்கு என்ன தெரியும்? நாலு வருஷத்துல மூணு தடவை வந்தே. அதுவும் விருந்தாளி மாதிரி."

அவள் கட்டிலின் இடது பக்கம் வந்து நின்றாள். "மூணு தடவையும் இந்தப் பக்கம்தான் உக்காந்தேன். கடைசி தடவை மூணு மணி நேரம் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். அம்மா திரும்பிக்கூடப் பாக்கல. என்மேல கோவம்னு நெனச்சேன்..." சட்டென்று நிறுத்தினாள். அவன் நகர்த்திய ஸ்டூலையே பார்த்தாள். "அண்ணா, அந்தக் கையில உணர்ச்சியே இல்லையா?"

இல்லைதான். ஒருமுறை வெந்நீர் பட்டுக் கொப்பளித்ததே அம்மாவுக்குத் தெரியவில்லை; மறுநாள் இவன்தான் கண்டுபிடித்தான். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நாலு வருஷத்து ஆத்திரமும் ஒரே வார்த்தையில் தீர்ந்திருக்கும்.

அவள் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதில் பரீட்சைத் தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்ற அதே முகம்.

"இருந்துச்சு பாப்பா. கொஞ்சம் இருந்துச்சு. நீ பிடிச்சிருந்தது தெரிஞ்சிருக்கும்."

அவள் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். தேற்றவெல்லாம் அவனுக்குத் தெரியாது. ஸ்டூலைப் பழைய இடத்திலேயே வைத்தான். ஏணியில் ஏறி விளக்கை மாட்டினான். "வெளிச்சம் போதுமா?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு அவள் அடிக்கடி போன் செய்ய ஆரம்பித்தாள். பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கும். "நிஜமாத்தானே சொன்னே?" என்பாள். அவனும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. நீ கிளம்பினப்புறம் அம்மா விரலை அசைச்சாங்க. உன் பேரைச் சொன்னாங்க. சொல்லிவிட்டு, போனைக் கீழே வைத்து, மீட்டர் பெட்டிகளுக்கு நடுவே வெகுநேரம் உட்கார்ந்திருப்பான்.