நாற்பத்தொரு நாள்

தகடு வளைக்கும் இயந்திரம் ஒரு தொழிலாளியின் வலது கையை முழங்கை வரை நசுக்கியது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. மறுநாள் ஃபோர்மேன் அறிக்கை கொடுத்தான்: "ஒன்பதரைக்கே மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டரை அணைத்து மெஷினை நிறுத்தினேன். அவராகவே திரும்பப் போட்டுக் கையை விட்டார்." கம்ப்யூட்டரின் பதிவேடும் அதையே சொன்னது.

அந்தத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவனை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நசுங்கியது அவனுடைய அக்கா புருஷனின் கை. பதிவேட்டை யாரும் திருத்தலாம், தேதியைப் பின்னால் தள்ளலாம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் உள்ளே ஓடும் கெர்னல் என்ற அடிப்படை நிரல், கம்ப்யூட்டர் எழுந்ததிலிருந்து எத்தனை நொடி ஓடியிருக்கிறது என்று தனியாக எண்ணிக்கொண்டே இருக்கும். தேதியை மாற்றினாலும் அது அசையாது. அணைத்தால்தான் பூஜ்யத்துக்குப் போகும். வியாழன் காலை அவன் பார்த்தபோது, நாற்பத்தொரு நாள், ஆறு மணி நேரம். நடுவில் ஒருமுறைகூட அது அணையவில்லை.

பதினொரு மணிக்கு விபத்தை விசாரிக்கத் தொழிற்சாலை ஆய்வாளர் அம்மா வருவதாக இருந்தது. அதுவரை வாயை மூடியிருக்கலாம். முடியவில்லை. ஃபோர்மேனைக் கண்டதும் கொட்டிவிட்டான்.

"நீ பொய் எழுதியிருக்க. மெஷின் அணையவே இல்ல. கம்ப்யூட்டரே சொல்லும்."

"இப்ப அணைச்சுட்டா?"

கேட்டுக்கொண்டே ஃபோர்மேன் மேசைக்கடியில் இருந்த பிளக்கை நோக்கிக் குனிந்தான். ஒட்டடைக்குச்சி பாய்ந்து அதை இடது கையால் பொத்தி, சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

ஃபோர்மேன் மேசைமேல் கிடந்த ஸ்பேனரை எடுத்தான். முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்தது விரல்களில். எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

"கைய எடு."

"எடுக்க மாட்டேன்."

மூன்றாவது அடியில் கண் இருண்டது. எட்டிய மணிக்கட்டைப் பல்லால் கவ்வினான். வாயில் ரத்தம் உப்பாகக் கரித்தது. ஃபோர்மேன் அலறி ஸ்பேனரை விட்டான்; பின்வாங்கியதில் நாற்காலியில் இடறி மல்லாந்தான். ஒட்டடைக்குச்சி ஸ்பேனரை எடுத்து முழங்காலில் அடித்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "போதும்டா, விட்டுடு" என்று கீழே கிடந்தவன் கையெடுத்துக் கும்பிட்ட பிறகும் இன்னொரு முறை அதே முழங்காலில் ஓங்கி அடித்தான்.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களோடு ஆய்வாளரும் உள்ளே வந்தார். சிதறிக் கிடந்த ரத்தத்தைத் தாண்டி நின்று, ஒட்டடைக்குச்சி கைகாட்டிய திரையில் அந்த நாற்பத்தொரு நாள் கணக்கைப் பார்த்தார். காலண்டரில் நாட்களைப் பின்னோக்கி எண்ணி எழுதிக்கொண்டார். "ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. இந்த ரூமைப் பூட்டுங்க. கம்ப்யூட்டர் ஓடட்டும்."

ஃபோர்மேன் மேல் வழக்கு பதிவானது. ஒட்டடைக்குச்சி மேலும் பதிவானது, அந்த இரண்டாவது அடிக்கு.

வார்டில் அக்கா அவனுடைய கை மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கும்பிட்டவனையாடா அடிச்ச?"

"ஆமாக்கா."

பக்கத்துக் கட்டிலில் புருஷன் தண்ணீர் கேட்டார். அக்கா எழுந்து போனாள்.