அண்ணன் வீட்டு ஜன்னலுக்கு நேராக

அப்பா போன பிறகு, அவர் கடைசியில் கையெழுத்துப் போட்டிருந்த உயிலின்படி வீடு அண்ணனுக்கு, படகு தங்கைக்கு என்று ஆனது. அது ஒரு பழைய மரப் படகுவீடு. ஆறு வருடமாக யாரும் ஏறாமல், பாதி மக்கி, ஒரு பட்டறைக்குப் பின்னால் கிடந்தது. "உனக்குத்தான் சின்ன வயசுலேர்ந்தே தண்ணின்னா உசிராச்சே, நீயே வச்சுக்க" என்றான் அண்ணன். அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் தங்கையின் பெட்டிகள் வாசலுக்கு வெளியே இருந்தன.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். விரிசல் தேடியே பழகிய கண். படகின் பத்திரத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். ஆற்றோரம் இருந்த அந்த வீட்டின் பின்படிக்கட்டில் படகைக் கட்டும் உரிமை, வீட்டுக்கு அல்ல, படகுக்குத்தான் என்று அதில் இருந்தது. அண்ணன் அதைப் புரட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

படகை இழுத்துவரச் சொல்லி, அவன் கூடத்துப் பெரிய ஜன்னலுக்கு நேராகக் கட்டினாள். அன்றே குடியேறினாள்.

முதல் மாதம் படாத பாடு பட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தலை இடித்தது. கூரை ஒழுகியது. அடுப்பு வைக்க இடமில்லாமல் கழிப்பறைக் கதவைக் கழற்றி மேசையாக்கினாள். ஆனால் வேலையை மட்டும் அண்ணனின் நேரம் பார்த்தே செய்தாள். அவன் காப்பியோடு ஜன்னலருகே உட்கார்ந்ததும் மரம் தேய்க்கும் மெஷினைப் போட்டாள். காற்று வீட்டுப் பக்கம் அடிக்கிற நாளாகப் பார்த்துத் தார் காய்ச்சினாள். அண்ணி ஜன்னல்களைப் படார் படாரென்று சாத்துவது காதுக்கு இதமாக இருந்தது.

அந்த ஆத்திரத்தில் வீட்டைப் பார்த்த பக்கத்தை மட்டுமே செப்பனிட்டு வண்ணம் அடித்திருந்தாள். ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்தால் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர், மெத்தை மிதந்துகொண்டிருந்தது. ஆற்றைப் பார்த்த பக்கத்தில் பலகை விட்டுப்போயிருந்தது. ஜன்னலில் அண்ணன் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தான். அவள் அழவில்லை. வாளி வாளியாக இறைத்துக் கொட்டினாள். பத்து நாள் லீவு போட்டு, இடுக்கு விடாமல் பஞ்சும் தாரும் அடைத்தாள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

எட்டாவது மாதம் அண்ணன் வீட்டை விற்கக் கிளம்பினான். பார்க்க வந்த தம்பதி ஜன்னலைத் திறந்தால், எதிரே அவள் நைட்டியோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் படகு இங்கயேதான் நிக்குமா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"நான் இருக்கிற வரைக்கும் இங்கதாங்க. வீட்டுக்குள்ள பேசறதெல்லாம் எனக்கு நல்லாவே கேக்கும்."

அவர்கள் திரும்பி வரவில்லை. அடுத்து வந்த இரண்டு பேரும் அப்படியே போனார்கள். அன்று மாலை அண்ணன் படிக்கட்டிலிருந்து போட்டிருந்த பலகை வழியாகத் தடுமாறிப் படகுக்குள் வந்து, தலையை இடித்துக்கொண்டு நின்றான்.

"போதும்மா. என்ன வேணும் சொல்லு, செய்யறேன்."

"நான் டூட்டிக்குப் போன நேரமா பார்த்து அப்பாகிட்ட கையெழுத்து வாங்கினியே, அதை அவர் படிச்சுட்டா போட்டார்?"

அவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஜன்னலில் அண்ணி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத்தான் கண்ணு தெரியலையே" என்றான் மெதுவாக. "ஆஸ்பத்திரிப் படிவம்னு சொல்லித்தான் போட வச்சேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எட்டு மாதம் ஈரத்தில் படுத்திருந்தாள். கேட்டதும் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. அப்பா தடவித் தடவிப் பேனாவைப் பிடித்திருப்பார் என்றுதான் தோன்றியது.

"சரி, போ" என்றாள்.

"அப்போ படகை எடுத்துடுவியா?"

"எடுக்கறேன்னு எப்ப சொன்னேன்?"

 அவன் குனிந்து வெளியேறினான். கூடத்தில் அண்ணி அவனிடம் ஏதோ கேட்க ஆரம்பித்தாள், அடங்கிய குரலில், விடாமல்.

மறுநாள் தங்கை ஆட்களைக் கூப்பிட்டு, படகின் மேல்தளத்தில் இன்னொரு அறை எழுப்ப அளவெடுக்கச் சொன்னாள்.