மேல்வீட்டுப் பந்து

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கும் என்பது வரை எனக்குத் தெரியும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சுவரெல்லாம் மெல்லிசு, என் காது நல்ல காது, எங்கள் வீட்டுக்காரர் டிவியோடு குடும்பம் நடத்துகிறவர். மனுஷி வேறு என்னதான் செய்வாள்?

அப்படிப்பட்ட எனக்கே தலைக்கு மேல் கேட்ட சத்தம் என்னவென்று கொஞ்ச நாள் பிடிபடவில்லை. சாயங்காலமானால் ஒரு டொக். பிறகு ஏதோ உருளும். சுவரில் போய் மோதி ஒரு தும். திரும்பவும் டொக்.

மேல்வீட்டில் இருப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கட்டடத்துக்கே அவர் கண்ணாடிக்காரர். பேத்தி பிறந்தபோது, மூணு மாசத்தில் வந்துவிடுகிறேன் என்று மகள் வீட்டுக்குப் போனவள் அவர் மனைவி. பேத்தி இப்போது பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு போகிறதாம், பாட்டி திரும்பிய பாடில்லை. கேட்டால், "அந்த ஊர் தண்ணி அவளுக்கு ஒத்துக்கிச்சு" என்பார். அதற்கு மேல் நான் அவரிடம் கேட்கவில்லை. மற்றவர்களிடம்தான் கேட்டேன்.

ஒரு நாள் சர்க்கரை வாங்குகிற சாக்கில் மாடி ஏறினேன். சோபாவையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, கூடத்திலிருந்து சமையலறை வாசல் வரை நீளமாக ஒரு பச்சைக் கம்பளம் விரித்திருந்தார். அதன் முனையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் படுத்துக்கிடந்தது. மனுஷன் கையில் கோல்ஃப் மட்டை.

"இது எதுக்கு சார் இந்த வயசுல?"

"நூறுக்குள்ள வரணும்" என்றார், ஆஸ்பத்திரியில் சுகர் சொல்கிற மாதிரி.

விஷயம் இதுதான். வக்கீல், மருந்துக்கடைக்காரர், ரிட்டையரான பேங்க் மேனேஜர், இவர், எல்லாரும் எங்கள் கட்டடம்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நாலு பேரும் ஒரே காரில் மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கோல்ஃபில் ஒரு கூட்டத்துக்கு நாலு பேர்தான் கணக்கு. ஐந்தாவது ஆளைச் சேர்க்க விடமாட்டார்கள். இந்த நாலில் மோசம் நம்ம கண்ணாடிக்காரர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிபண்ணுகிறவருக்குத் தான் அடித்த பந்து எந்தப் புதரில் விழுந்தது என்று தெரியாது. இவர் தேடி முடிப்பதற்குள் பின்னால் வருகிற கூட்டம் கைதட்டிக் கூப்பிட ஆரம்பித்துவிடும். ஒரு நாள் வக்கீல், "நீ முதல்ல நூறு அடிக்குள்ள பதினெட்டுக் குழியையும் முடிச்சிட்டு வாப்பா, அப்புறம் சேந்து ஆடலாம்" என்று சொல்லிச் சிரித்தாராம். மற்ற இருவரும் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு கார் இவருக்காக நிற்கவில்லை. ஆண்பிள்ளைகள் இப்படிச் சொல்லிவிட்டுச் சாப்பிடுவதற்குள் மறந்துவிடுவார்கள். இவர் வீட்டுக்கு வந்து கம்பளத்தை விரித்துவிட்டார்.

"அப்போ பலமா அடிச்சுல்ல பழகணும்? இப்படி டம்ளருக்குத் தட்டிக்கிட்டு இருந்தா?" என்றேன், என்னமோ பெரிய கோச்சு மாதிரி.

"எல்லாரும் அங்கதாங்க ஏமாறுறது. தூரமா அடிக்கிறது ஒரே அடி. குழிக்குப் பக்கத்துல வந்தப்புறம் தட்டித் தட்டித்தான் பாதி அடி வீணாப் போகுது. கிட்ட வந்துதான் எல்லாம் கெட்டுப்போகுது."

சர்க்கரையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அன்று முதல் எங்கள் வீட்டுக் கூரை எனக்குக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தது. தும் என்றால் சுவர். டங் என்றால் டம்ளர். முதலில் தும் தும் என்றுதான் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர்கூட டிவியிலிருந்து ஒரு தடவை தலையைத் திருப்பினார் என்றால் பாருங்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மழைக்காலம் வந்தது, போனது. நடுநடுவே டங் கேட்டது. பிறகு டங்குகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு தும். தும் கேட்டால் நானே கீழேயிருந்து "ப்ச்" என்பேன்.

ஞாயிறு காலையில் அந்த மூவர் கிளம்பிப் போன பிறகு, இவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகப் போவார். அப்படிப் போன ஒரு நாள் நூறுக்குள் முடித்தும்விட்டார். ஓடிப்போய் வக்கீலிடம் சொல்ல, அவர் புத்தி எங்கே போகும்? "சாட்சி யாரு?" என்றாராம்.

அதற்குத்தான் கண்ணாடிக்காரர் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஞாயித்துக்கிழமை என்கூட நடந்து வந்து, நான் அடிக்கிறதை எண்ணணும். உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது."

"எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போங்களேன். காத்தாட நடந்த மாதிரியும் இருக்கும்."

"அவர் கண்ணையும் நான் செக் பண்ணிருக்கேன், உங்க கண்ணையும் பண்ணிருக்கேன்" என்றார். "உங்களுக்குத்தான் தூரப்பார்வை சுத்தம்."

இப்படி ஒரு நற்சான்றிதழ் எனக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை. சரி என்றுவிட்டேன்.

சனிக்கிழமை லிஃப்டில் மருந்துக்கடைக்காரர் மனைவி மாட்டினாள். "என் தம்பிக்கு இந்த ஊருக்கே மாத்தலாயிடுச்சுக்கா. வந்ததும் வராததுமா அவனையும் கோல்ஃபுக்கு இழுத்துட்டாங்க. நாலு பேர் ஆயாச்சு, இனிமே ஆள் தேட வேண்டாம்னு இவருக்கு ஒரே குஷி."

சாதாரணமாக இப்படி ஒரு செய்தி கிடைத்தால், லிஃப்ட் நிற்பதற்குள் அதை யாரிடம் சொல்லலாம் என்று யோசித்துவைத்திருப்பேன். சொல்லவேண்டிய ஒரே ஆள் என் தலைக்கு மேல் இருந்தார். சாயங்காலம் மாடிப்படி வரை போனேன். மேலே டங் கேட்டது. உடனே இன்னொரு டங். திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிறு. மைதானம் என்றால் அப்படி ஒரு மைதானம், இவ்வளவு இடத்தை வெறும் புல்லுக்கு விட்டிருக்கிறார்களே என்று வயிறு எரிந்தது. அவர் அடித்தார், நடந்தோம், அடித்தார், நடந்தோம். நான் எண்ணினேன். வாயைத் திறக்காமல் நான் இவ்வளவு தூரம் நடந்தது என் வாழ்க்கையில் அன்றுதான். திறந்தால் எது வெளியே வரும் என்று எனக்கே தெரியவில்லை.

கடைசிக் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு வந்தபோது தொண்ணூற்றேழு. ரெண்டு தட்டில் போட்டால் தொண்ணூற்றொன்பது. மூணு ஆனால் நூறு, எல்லாம் வீண். முதல் தட்டில் பந்து குழியை உரசிக்கொண்டு தாண்டிப்போய் நின்றது. குழிக்கும் பந்துக்கும் நடுவே சரியாக அந்தக் கம்பளத்தின் நீளம். அந்தத் தூரத்தை இவர் விடமாட்டார் என்று என் கூரை எனக்கு எத்தனையோ சாயங்காலம் சொல்லியிருக்கிறது.

அவர் குனிந்தார். அப்போது நான் நினைத்தது இதுதான்: போகாதே. தும் என்று எங்காவது போய் மோதித் தொலை. நூறாகட்டும். இன்னும் ஒரு வருஷம் தட்டிக்கொண்டிருக்கட்டும், அவர்கள் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்போடு.

பந்து நேராகப் போய் விழுந்தது. டங் இல்லை, லொடக் என்று ஒரு சத்தம்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எத்தனை?" என்றார்.

"தொண்ணூத்தொம்பது."

கேன்டீனில் அவர்கள் ஆடி முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேசையைச் சுற்றி நாலு நாற்காலி, நாலிலும் ஆள். இவர் போய்ச் சொன்னார். நான் பக்கத்தில் சாட்சியாக நின்றேன்.

"பாரு, சாட்சியைக் கையோட கூட்டிட்டே வந்துட்டான்" என்று வக்கீல் சிரித்தார். மேனேஜர் எழுந்து கைகொடுத்தார்.

"அப்போ அடுத்த வாரத்துலேருந்து..." என்று ஆரம்பித்தார் இவர்.

மருந்துக்கடைக்காரர் தன் டீயைப் பார்த்தார். "மச்சான் வந்துட்டாருப்பா. அஞ்சு பேர்னா விடமாட்டாங்களே."

"அன்னிக்கு நூறுன்னு சொன்னீங்களேன்னுதான்..."

"நானா சொன்னேன்?" என்றார் வக்கீல். நடிப்பில்லை, நிஜமாகவே ஞாபகமில்லை. "யாராச்சும் வராத அன்னிக்குக் கட்டாயம் சொல்றோம். உக்காருப்பா, டீ சாப்பிடு."

உட்கார நாற்காலி இல்லை. நின்றுகொண்டே டீயைக் குடித்தார். கடைசி வாய் வரை குடித்துவிட்டு, கோப்பையை அவரே கொண்டுபோய்க் கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தார்.

திரும்பும்போது அவர் காரில் பாதி தூரம் வந்திருப்போம்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றார்.

"நேத்துதான் தெரிஞ்சுது."

"நீங்களா சொல்லாம இருந்தீங்க?"

"சொல்லிருந்தா ஆடிருப்பீங்களா?"

சிக்னலில் சிவப்பு மாறிப் பச்சை வந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அப்புறம்தான் வண்டியை எடுத்தார்.

"அந்தக் கடைசித் தட்டு பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"நேராப் போச்சுல்ல?"

"நேராப் போச்சு சார்."

அன்று சாயங்காலம் மேலே சத்தமில்லை. மறுநாளும் இல்லை. கட்டடத்தில் நாலு பேர் என்னிடம் வந்து, என்ன ஆச்சு என்று வாயைக் கிளறினார்கள். வெயில் அதிகம் என்றேன். என்னிடமிருந்து இவ்வளவுதானா என்று ஏமாந்து போனார்கள். கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிவி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு சாயங்காலம் மறுபடி டொக். உருண்டது. டங்.

நூறுக்குள் வந்தாயிற்று. ஆட ஆளும் இல்லை. பிறகு எதற்குத் தட்டுகிறார்? இந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரியாத விஷயம் அது ஒன்றுதான். சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படி வரை போனேன். டப்பாவில் சர்க்கரை நிறைய இருந்தது. வந்து, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.