சிவப்பு பல்பு எரியும்போது

பைசான் மேலே சுவிட்சைத் தட்டினான். கீழே வாசல் நிலைக்கு மேலிருந்த சிவப்பு பல்பு எரிந்தது. கிடத்தியிருந்த மய்யித்தைச் சுற்றி உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் பாதி வரியில் வாயை மூடிக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை, இருபது வருஷப் பழக்கம். பக்கத்து வீட்டு ஜுவைரியா கையிலிருந்த தட்டைக்கூடச் சத்தம் வராமல் தரையில் வைத்தாள்.

பல்பு அணைந்தது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து ஓத ஆரம்பித்தார்கள். மறுபடி எரிந்தது. மறுபடி எல்லாரும் கப்சிப்.

"என்ன செய்றான் அவன் மேல? வாப்பா கெடக்குற நேரத்துல வெளையாட்டா?" என்றாள் பேகம். கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்தபின் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

"நான் போய்ப் பாக்குறேன்மா" என்று மகள் உமைரா எழுந்தாள்.

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்பில் அந்தச் சந்துக்குள் யாரைக் கேட்டாலும் அந்த பல்பின் கதையைச் சொல்வார்கள். நஜிமுதீன் தன் ஒற்றை அறை வீட்டுக்கு மேலே மாலா என்று ஒரு பரண் அறை போட்டு, அதன் சுவரெல்லாம் முட்டை அட்டையும் பழைய மெத்தையும் அடித்து ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணப் பாட்டு, கந்தூரிப் பாட்டு, கோயில் கொடைப் பாட்டு, ஆட்டோவில் மைக் கட்டிப் போகிற பிரியாணிக் கடை விளம்பரம் என்று எதையும் தள்ளமாட்டார். மைக்கைத் திறக்குமுன் ஏணி வாய்க்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிற சுவிட்சைப் போடுவார். பல்பு எரிந்தால் கீழே குக்கர் வைக்கக் கூடாது, மிக்ஸி ஓட்டக் கூடாது, தும்மல் வந்தால் சந்துக்கு ஓடிப் போய்த் தும்ம வேண்டும். எதிர்வீட்டில் லெதர் பை தைக்கிறவர்களும் மிஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். "ஒங்க வாப்பா பாட்டு எப்படியோ போவுது, எங்க இடுப்புக்கு நல்ல ரெஸ்ட்டு" என்று சிரிப்பார்கள்.

பல்பு எரியும்போது யாரும் மேலே ஏறக் கூடாது என்பது முதல் சட்டம். அந்தச் சட்டத்துக்குக் காவல் உமைரா. முப்பத்தாறு வயதாகியும் அந்த உத்தியோகம் அவளை விட்டுப் போகவில்லை.

இன்றைக்குக் காலையில் பதினொரு மணிக்கு பல்பு எரிந்தது. பதினொன்றரைக்கு உம்மா டீ கொடுத்தனுப்பினாள். "காலையில ஒண்ணும் திங்கல, மூஞ்சி ஒரு மாதிரி கெடக்கு, குடுத்துட்டு வா." இரும்பு ஏணிக்கு ஒன்பது படி. உமைரா ஐந்து படி ஏறியபிறகு தலையைத் திருப்பி பல்பைப் பார்த்தாள். எரிந்துகொண்டிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பன்னிரண்டு மணிக்கு உம்மா மறுபடி, "போய்ப் பாருடி, மனசு கெடந்து அடிக்குது" என்றபோது, "பல்பு எரியுதும்மா, சத்தம் போடுவாங்க" என்று தடுத்ததும் அவள்தான்.

இருவரும் லுஹர் தொழுது பாயைச் சுருட்டும்போது, ஒன்றே காலுக்கு மேல், பல்பு அணைந்தது. "பாத்தியா, முடிச்சிட்டாங்க" என்று உமைரா சோற்றைப் போட்டு வைத்தாள். ஆளைக் காணோம். மேலே போனால் வாப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார். காதில் ஹெட்ஃபோன் அப்படியே இருந்தது. கையைப் பிடித்தாள், சில்லிட்டிருந்தது.

மூலைக் கிளினிக் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "தோ கண்டா தோ ஹோ கயா ஹோகா" என்றார். அப்போது மணி இரண்டு. உயிர் போய் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் உம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க ஆளில்லாம, காதுல கலிமா சொல்ல ஆளில்லாம, தன்னந்தனியா போயிட்டாங்களே!" மகளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது உமைராவுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும்.

இப்போது உமைரா மேலே ஏறியபோது தம்பி பைசான் சுவிட்சுக்கு முன்னால் நின்றிருந்தான். நவி மும்பை நெருளில் வேலை செய்கிறவன், தகவல் கேட்டு ரயிலைப் பிடித்து ஓடி வந்திருந்தான்.

"என்னடா செய்றே? கீழ ஓதிட்டு இருக்காங்க."

"லாத்தா, வாப்பா சேர்லேருந்து கைய நீட்டினா இந்த சுவிச்சு எட்டுமா? நாலு எட்டு வைக்கணும். டாக்டர் சொல்ற டைம்ல அவங்க மவுத்தாயிட்டாங்கன்னா, ஒண்ணேகாலுக்கு பல்பை அணைச்சது யாரு?"

உமைராவுக்கு அதுவரை அது தோன்றவேயில்லை.

"லூஸ் கனெக்‌ஷனாத்தான் இருக்கும். வயரிங் எல்லாம் இருபது வருஷத்துப் புரானா" என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டு வந்து, வாப்பாவின் நாற்காலிக்கு எதிரே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். "ஆனா தட்டினா ஒழுங்கா எரியுது. அதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

மைக்குக்கு முன்னால் இரண்டு டேப்லெட்டுகள் ஸ்டாண்டில் நின்றன. நஜிமுதீனுக்கு அவை பெரிய சிலேட்டு, சின்ன சிலேட்டு. முன்னே இருந்த கம்ப்யூட்டரில் ஃபேன் சத்தம், பாட்டுக்குள் இரைச்சல் புகுந்துவிடும். இரண்டு வருஷம் முன்பு உமைராதான் அதைத் தூக்கச் சொல்லி இதை வாங்க வைத்தாள். விரலால் தேய்த்துத் தேய்த்துப் பதிவு செய்ய, வெட்ட, ஒட்ட எல்லாம் அவளே சொல்லிக் கொடுத்தாள். சின்ன சிலேட்டில் பாட்டு வரிகள். பெரிய சிலேட்டில் பதிவு.

பெரிய சிலேட்டின் திரை மங்கிக் கிடந்தது. உமைரா தொட்டாள். வெளிச்சம் வந்தது. மூலையில் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து மணி இருபத்தொரு நிமிஷம், பத்து விநாடி, பதினொன்று, பன்னிரண்டு.

"யா அல்லா. இது இன்னும் ஓடிட்டிருக்கு" என்றாள்.

காலையிலிருந்து நடந்த அத்தனையும் அதற்குள் இருந்தது. அவள் நிறுத்திவிட்டு, விரலால் பின்னால் தள்ளினாள். ஒலியின் கோடு திரையில் நகர்ந்தது. கடைசியில் இருவரும் இப்போது பேசியது, அதற்கு முன்னால் ஒரே உயரத்தில் மெல்லிய முள் முள்ளாகச் சில. அவை பைசான் சுவிட்சைத் தட்டியவை. அதற்கு முன்னால் பெரிய மேடாக அழுகை, ஆட்கள், வாப்பாவைத் தூக்கி இறக்கியது. அதற்கும் முன்னால் அவள் ஏறிய காலடி. அதற்குச் சற்று முன்னால் தனியாக ஒரே ஒரு முள். பைசானின் முட்களுக்கு இருந்த அதே உயரம்.

அந்த முள்ளுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வெறும் கோடு.

பைசானின் முகம் வெளுத்துவிட்டது. "டிலீட் பண்ணிரு லாத்தா. உம்மா கேட்டா தாங்கமாட்டாங்க."

"நான் கேக்கணும்."

"எதுக்கு?"

"என்னைக் கூப்பிட்டாங்களான்னு தெரியணும்டா! கூப்பிட்டு நான் கீழ உக்காந்து பல்பைப் பாத்துட்டு இருந்திருந்தா…"

கீழேயிருந்து கணேசபாண்டியனின் குரல் வந்தது. வாப்பாவின் இருபத்தைந்து வருஷச் சிநேகிதர். அவர் மகள் ஷாலினியின் கல்யாண வரவேற்புப் பாட்டைத்தான் வாப்பா காலையில் பாடிக்கொண்டிருந்தார். "தம்பி பைசான், தண்ணி காஞ்சிட்டு. குளிப்பாட்டக் கூப்பிடுதாவ, வாங்க."

பைசான் எழுந்தான். அப்போதுதான் உமைரா அந்த ஸ்டூலைப் பார்த்தாள். மடக்கி மெத்தைக்குப் பின்னால் சொருகி வைக்கிற ஸ்டூல். பாட வருகிறவர்களுக்கு மட்டும் வாப்பா அதை எடுத்துப் போடுவார்.

"இத நீ எடுத்துப் போட்டியா?"

"இல்லியே. இங்கயேதான் கெடந்திச்சு" என்று சொல்லிவிட்டு அவன் இறங்கினான்.

உமைரா வாப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். காதுப் பஞ்சில் அவருடைய அத்தர் வாசம். முதலிலிருந்து ஓடவிட்டாள். வாப்பா தொண்டையைச் செருமினார். பாடினார். "ச்சே, சுருதி எறங்குது, இன்னொண்ணு" என்றார். மறுபடி பாடினார். சின்ன சிலேட்டில் அந்த வரி இன்னும் நின்றுகொண்டிருந்தது. தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள் அவள். வாசல் தொறந்திருக்கு, வந்தவரே உள்ள வாங்க.

முப்பதாவது நிமிஷத்தில் அந்த வரியின் நடுவே குரல் நின்றது. நீளமாக ஒரு மூச்சு. பிறகு வாப்பா சொன்னார்.

"வ அலைக்குமுஸ்ஸலாம்."

உமைரா நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். ஒலியை முழுதாகக் கூட்டி மூன்றாவது தடவையும் கேட்டாள். பதில் ஸலாம் மட்டும் இருந்தது. முதல் ஸலாம் சொன்ன குரல் எங்கேயும் இல்லை.

"வாங்க, வாங்க. பல்பு எரியுதே, கீழ எம்புள்ள ஒங்கள எப்படி விட்டா? லேசுல யாரையும் விடமாட்டாளே அவ." சின்னதாகச் சிரித்தார். ஸ்டூல் விரியும் சத்தம், தரையில் அதன் கால் தேயும் சத்தம். "உக்காருங்க."

உமைரா எதிரே கிடந்த ஸ்டூலைப் பார்க்காமல் திரையையே பார்த்தாள்.

பிறகு இரும்பில் காலடி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. சாஸரில் டீ கிளாஸ் கிணுங்கியது. காலடி நின்றது.

அது அவள்தான்.

"அது உமைரா" என்றார் வாப்பா, தன் பிள்ளையை விருந்தாளிக்குச் சொல்கிற குரலில். "மேல வரமாட்டா. நான் பழக்கி வச்சது அப்படி."

"ஏறுடி! இன்னும் நாலு படிதாண்டி, ஏறு!" என்று உமைரா வாய்விட்டுச் சொன்னாள். ஹெட்ஃபோனுக்குள் அந்தக் காலடி திரும்பியது. ஐந்து படியும் இறங்கிப் போனது. கண்ணீர் சிலேட்டின் மேல் சொட்டியது. அந்த ஈரம் பட்டு ஒலி நின்றுவிட்டது. முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

"கூப்பிடலாம். கூப்பிட்டா ஓடி வந்து பயந்து போவும்" என்றார் வாப்பா. குரல் தேய்ந்திருந்தது. "எனக்கு ஒரு ஒதவி செய்ங்க. போறப்ப அந்த சுவிச்ச அணைச்சிருங்க. இல்லேன்னா இந்தப் புள்ள பொழுதடையிற வரைக்கும் கீழயே காவல் காத்துட்டு உக்காந்திருக்கும்." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "இப்பவே வேணாம். ரெண்டு பேரும் லுஹர் தொழுதுக்கிடட்டும்."

அதன்பின் கோடுதான். அதைத் தள்ளி ஓட்ட அவளுக்கு மனம் வரவில்லை. வெகுநேரம் அந்த வெறுமையையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகுதான் தனியாக நின்ற முள்ளுக்குப் போனாள். டக். சுவிட்ச் அணையும் சத்தம். யாரும் நடந்ததாக இல்லை, ஏணியில் யாரும் இறங்கியதாகவும் இல்லை. சற்று நேரத்தில் ஒன்பது படியும் ஏறுகிற காலடி. "வாப்பா, சோறு ஆறுது" என்று அவள் குரல்.

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். ஸ்டூலை மடக்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு நடந்து இறங்கினாள்.

கீழே கபன் துணி சுற்றி முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். கற்பூர வாசனை அடித்தது. பேகம் மகளின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். மேலே அவள் என்ன கேட்டுவிட்டு வருகிறாள் என்று பைசான் சொல்லியிருக்க வேண்டும்.

"தனியாவா இருந்தாங்க?"

"இல்லம்மா. ஆள் இருந்திச்சு."

யார் என்று பேகம் கேட்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வந்தவங்கள உக்காரச் சொன்னாங்களா?"

"சொன்னாங்கம்மா. ஸலாமுக்குப் பதில் சொல்லிட்டு, ஸ்டூல எடுத்துப் போட்டு உக்காரச் சொன்னாங்க."

"நீ டீ கொண்டு ஏறினது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

பேகம் மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மஃரிபு தொழுகைக்குப் பிறகு மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். சந்து குறுகல், இரண்டு பேர் இரண்டு பேராகத்தான் தோள் கொடுக்க முடிந்தது. முன்னால் பைசானும் கணேசபாண்டியனும் போனார்கள். சந்து முனை திரும்பும்வரை பார்த்துவிட்டுப் பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் ஓர் ஆண்பிள்ளை இல்லை. இந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது. ஜுவைரியா தன் வீட்டிலிருந்து டீ போட்டுத் தட்டில் எடுத்து வந்தாள்.

"பேகம் ராத்தா, ரெண்டு வாயாவது குடிங்க. காலையிலேருந்து பச்சத் தண்ணி படல ஒங்க நாக்குல."

பேகம் கையை நீட்டினாள். அப்போது வாசல் நிலைக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்தது.

பேச்சு நின்றது. ஜுவைரியாவின் தட்டில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட, அவள் பயந்து அவற்றை இன்னொரு கையால் அணைத்துக்கொண்டாள். பெண்கள் தங்களுக்குள் ஆளை எண்ணிக்கொண்டார்கள். எல்லாரும் கீழேதான் இருந்தார்கள்.

"மேல யாரு?" என்று ஜுவைரியா உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

"லூஸ் கனெக்‌ஷன்" என்றாள் உமைரா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பேகம் தட்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்தாள். சாஸரில் வைத்தாள். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு இன்னொரு கிளாஸையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, உமைராவிடம் நீட்டினாள்.

"ஆறுறதுக்குள்ள குடுத்துட்டு வா."

உமைரா வாங்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள். இரும்பு வழக்கம்போல முனகியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நின்றாள். தலையைத் திருப்பிப் பார்த்தாள். பல்பு எரிந்துகொண்டிருந்தது.

டீ சிந்தாமல் சாஸரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆறாவது படியில் கால் வைத்தாள்.