திருப்பி அனுப்பிய லாரி

என் மச்சினிக்கு மூளை அதிகம், திமிர் அதைவிட அதிகம். இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "மூளையை வேணா விட்டுத்தர்றேன் மாமா, திமிரை விட்டுத்தர மாட்டேன்" என்பாள். நகராட்சியில் அவள் இன்ஜினியர். நான் அவளுக்குக் கீழே ரோடு போடும் ஆட்களுக்கு மேஸ்திரி. வீட்டில் நான் மாமா, ரோட்டில் அவள் மேடம். எந்த இடத்தில் எது என்று எனக்குத்தான் அவ்வப்போது குழம்பும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு டயர் மலை இருந்தது. ஊரில் தேய்ந்த டயரெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து விழும். மழை பெய்தால் ஒவ்வொரு டயருக்குள்ளும் கொசு குடித்தனம் நடத்தும். வெயில் காலத்தில் எவனாவது சிகரெட் துண்டை வீசிவிட்டுப் போவான். பற்றிக்கொண்டால் தீயணைப்பு வண்டி வந்து தண்ணீரைக் கொட்டினாலும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே கிடக்கும். என் மகள் குட்டிக்கு மூச்சிரைப்பு. அந்தப் புகை வந்தால் பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதனால் குட்டியின் அறை ஜன்னலை இடுக்கு விடாமல் டேப் ஒட்டி மூடி வைத்திருந்தாள் என் வீட்டுக்காரி.

ஒரு நாள் சாப்பிட வந்த மச்சினி, அந்த டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே வெகுநேரம் நின்றாள். "பசிக்கலக்கா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள்.

பழைய டயரைத் தூளாக்கி, தாரில் கலந்து ரோடு போட அரசாங்கம் நிதி கொடுக்கிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி முதல் தவணையையும் வாங்கிவிட்டாள். அதில் சோதனைக்கு ஒரு தெரு போட வேண்டும். அந்தத் தெரு ஒரு மழைக்காலம் தாக்குப்பிடித்தால்தான் மீதி நிதி வரும். அது வந்தால்தான் மலை முழுக்கத் தூளாகும். இல்லாவிட்டால் மலையும் அங்கேயே, டேப்பும் அங்கேயே.

ரோடு போடும் நாளில் நிதி கொடுத்த துறையிலிருந்து ஓர் ஆய்வு அதிகாரி வந்து நின்றார். சிரிப்பை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தவர் போலிருந்தார். வேலை நன்றாகத்தான் போனது. ரப்பர் கலந்ததால் கலவை மண்வெட்டியில் அப்பிக்கொண்டது. அதைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது.

கடைசி லாரி வந்தது. அதன் டிரைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'. கலவையைக் கொட்ட அவன் லாரியின் தொட்டியைத் தூக்கப் போன நேரத்தில் மச்சினி கையை உயர்த்தினாள்.

"நிறுத்துங்க! இது என்ன வாசனை?"

"டீசல் மேடம்" என்றான் அவசரம், பெருமையாக. "கலவை ரொம்ப ஒட்டுதுன்னு எல்லாரும் அழுதீங்களே. அதான் ஏத்துறதுக்கு முன்னாடி தொட்டில டீசலை ஊத்தித் தடவிட்டேன். வழக்கமா செய்யறதுதானே. இன்னைக்கு உங்க ரோடாச்சேன்னு கொஞ்சம் தாராளமாவே ஊத்தினேன்!"

தொட்டியில் சோப்புத் தண்ணீர்தான் தடவ வேண்டும், டீசல் பட்டால் தார் இளகிவிடும் என்று காலையில் அவள் தொண்டை கிழியச் சொல்லியிருந்தாள். அவசரம் அதைக் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்திருந்தான்.

நான் அவளை ஓரமாகக் கூப்பிட்டேன். "கண்டுக்காம விடும்மா. போட்டு உருட்டிட்டா யாருக்குத் தெரியப்போகுது? இனிமே வேற கலவையும் இல்ல. தெரு அரைகுறையா நின்னா அந்த மனுஷன் அதையே சாக்கா வச்சு நிதியை நிறுத்திடுவாரு. குட்டியை நெனச்சுப் பாரு."

"குட்டியை நெனச்சுத்தான் சொல்றேன் மாமா. லாரியைத் திருப்பி அனுப்புங்க."

ரோட்டில் வைத்து அவள் என்னை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. கோபம்தான் வந்தது.

அவளோ நேராக அதிகாரியிடம் போனாள். "சார், கடைசி லோடு கெட்டுப்போச்சு. டீசல் தடவிட்டாங்க. நான் பாத்திருக்கணும், பாக்கல. தெரு முனை வரைக்கும் போடலைன்னு எழுதிக்குங்க."

"இது உங்களுக்கு நல்லதில்லையேம்மா" என்றார் அவர்.

"தெருவுக்கு நல்லது சார்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவ்ளோ கலவையையும் குப்பையில கொட்டறதுக்கு எங்க வீட்டுக்குப் போற மண் சந்துலயாவது போடலாமே? அதுவும் நகராட்சி சந்துதானே?" என்று கத்தினேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "போடுங்க. சார், அதையும் எழுதிக்குங்க. மழை முடிஞ்சு வந்து ரெண்டையும் பாருங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "செருப்பு ஒட்டுதுன்னு அக்கா என்னைத் திட்டக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

உருட்டி முடித்தபோது எங்கள் சந்து பளபளவென்று மின்னியது. "பாத்தியா, நீ வேண்டாம்னு சொன்ன டீசல் ரோட்டை!" என்று அவளைப் போகும்போதும் வரும்போதும் குத்திக்காட்டினேன். "மழை வரட்டும் மாமா" என்பாள், அவ்வளவுதான்.

மழை வந்தது. சந்து களிமண் மாதிரி கொழகொழத்துப்போனது. சைக்கிள் போனால் கூடவே ஜல்லியும் பெயர்ந்து வந்தது. என் வீட்டுக்காரி ஒரு செருப்பை அதில் பறிகொடுத்துவிட்டு வந்து, தங்கையை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். மச்சினி போட்ட தெருவிலோ தண்ணீர் வழிந்தோடியது. மயிரிழை விரிசல்கூடக் கிடையாது.

அதிகாரி வந்தார். தெருவைக் குனிந்து குனிந்து பார்த்தார், சாவியால் குத்திப் பார்த்தார். பிறகு எங்கள் சந்துக்குள் கால் வைத்தார். ஷூ அங்கேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வெளியே வந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றபடி அந்த மனுஷன் சிரித்தார் பாருங்கள்!

"இதையா அன்னைக்குப் போட மாட்டேன்னாங்க?"

"ஆமா சார்" என்று அவர் ஷூவைப் பிடுங்கிக் கொடுத்தேன்.

மீதி நிதி வந்தது. டயர் அள்ள முதல் லாரியோடு வந்தவன் அவசரம்தான். தொட்டி முழுக்கச் சோப்பு நுரை.

"டயர் ஏத்தறதுக்கு எதுக்குடா சோப்பு?"

"மேடம் சொன்னா சொன்னதுதான் அண்ணே. எதுக்கு வம்பு?"

மலை தேய்ந்து தேய்ந்து தரையானது. அன்று மச்சினி வீட்டுக்கு வந்து, தான் சுரண்டிவிட்டுப் போன இடத்திலிருந்தே டேப்பைப் பிடித்து இழுத்தாள். ஜன்னல் இறுகிப்போயிருந்தது. நான் ஓங்கி இரண்டு குத்து விட்டதும் திறந்துகொண்டது. குட்டி கட்டில்மேல் ஏறித் தலையை வெளியே நீட்டினாள்.

"சித்தி! அங்க ஒரு வீடு இருக்கு! ஒரு அக்கா துணி காயப்போடறாங்க!"

அந்த வீடு, குட்டி பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பதுதான். மச்சினி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி சமையலறைக்குப் போய்த் தட்டில் சோறு போட்டு எடுத்து வந்தேன்.

"மேடம், சாப்பிடுங்க" என்றேன்.

"வீட்டுல என்ன மேடம்? திமிரு மாமா உங்களுக்கு" என்று தட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். அன்று இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.