உண்ணாமலையின் கையெழுத்து

செட்டிகுளம் வெங்காய விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனியில் மணிமொழிதான் மேனேஜர். வெள்ளிக்கிழமை பெரம்பலூரில், வெளியூர் வியாபாரிகள் முன்னால் கம்பெனியைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கான ஸ்லைடில் வைக்க ஒரு கார்ட்டூன் கிடைத்தது. விவசாயி சிரித்துக்கொண்டே வெங்காயம் உரிக்கிறார். பக்கத்தில் தரகர் தேம்பித் தேம்பி அழுகிறார். மூலையில் 'உண்ணாமலை' என்று கையெழுத்து.

"வாட்ஸப்புல வந்த படம். இதுக்குப் போயி யாருகிட்ட அனுமதி கேப்பீங்க?" என்றான் கணக்கர் வேல்முருகன்.

"நம்ம வெங்காயத்தக் கேக்காம அள்ளிட்டுப் போனா சும்மா வுடுவமா?"

பெயரைத் தேடி ஃபேஸ்புக்கில் செய்தி அனுப்பினாள். மூன்று நாளாகியும் பதில் இல்லை. மனசே இல்லாமல் ஸ்லைடிலிருந்து படத்தை நீக்கிவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"நான் உண்ணாமலைங்க. கீழப்பழுவூர் ரேஷன் கடையில இருக்கேன். யாரோ வெளையாடறாங்கன்னு நெனச்சிட்டேன். எல்லாரும் கையெழுத்த வெட்டிட்டுத்தான் போடுவாங்க. கேட்ட மொத ஆளு நீங்கதான்."

இந்த ஒரு கூட்டத்தில் மட்டும் காட்டலாம், பெயர் இருக்க வேண்டும் என்று மெயிலும் அனுப்பினார். பிறகு தயங்கித் தயங்கி மறுபடி கூப்பிட்டார்.

"நானும் வரலாங்களா? என் படத்தப் பாத்து ஆளுங்க சிரிக்கிறத நான் கண்ணால பாத்ததே இல்ல."

"கட்டாயம் வாங்கக்கா!"

மறுநாள் லீவு போட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். திரையில் படம் வந்தது. உண்ணாமலை முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டார். அதுவரை முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்த ஒரு பெரிய வியாபாரி 'குபீர்' என்று சிரித்தார். அவ்வளவுதான், அரங்கமே குலுங்கியது.

"வரைஞ்சவங்க அங்கதான் இருக்காங்க" என்று மணிமொழி கைகாட்ட, எல்லோரும் திரும்பிக் கைதட்டினார்கள். உண்ணாமலைக்கு எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் அந்த வியாபாரி மணிமொழியிடம் வந்தார். "உங்க வெங்காயத்த வாங்கிக்கிறோம். மூட்டையில இந்தப் படத்தயும் அச்சடிச்சிக்கலாமா?"

"வெங்காயத்துக்கு நான் சொல்லலாம் சார். படம் அவங்களோடது."

பக்கத்தில் வந்திருந்த உண்ணாமலை நிமிர்ந்து நின்றார்.

"எழுதிக் குடுங்க. படிச்சிப் பாத்துட்டுச் சொல்றேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.