கை பழகும் முன்

அலமாரியில் இருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கட்டிலில் போட்டுக்கொண்டிருந்தாள் மகள். நீலம், சாம்பல், ஆரஞ்சு. எதை எடுத்தாலும் மார்பில் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள்.

"பேர் இல்லாம ஒண்ணுகூடவா இல்லம்மா?"

"எதையாவது குடுடி. இனிமே யாரு பார்க்கப் போறா?" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடி.

கடைசியில் மகள் தன் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையைக் கொடுத்தாள். அது அப்பாவுக்குத் தொளதொளவென்று இருந்தது.

அப்பா எந்த வேலையிலும் நிலைத்ததில்லை, நிலைக்க அவரை யாரும் விட்டதில்லை. ஒப்பந்தம் முடியும், ஆர்டர் குறையும், ஏஜென்ட் வேறொரு வாசலைக் காட்டுவான். "எங்க போனாலும் நான் புதுமாப்பிள்ளைதாண்டி. என்ன, விருந்துதான் கிடையாது" என்று சிரிப்பார். சிரிக்க முடியாத நாட்களில், "கை பழகுற நேரம் பார்த்து அனுப்பிடுறானுங்க. அப்புறம் புதுசா வந்தவன் சரக்கைக் கெடுத்தா, எவனுக்கும் வேலை தெரியலைன்னு கத்துறானுங்க" என்பார்.

கடைசியாக, மருந்துக்கான அட்டைப்பெட்டி மடிக்கும் மெஷினில் இருந்தார். நெஞ்சை அடைக்கிறது என்று போன வாரமே சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் செருப்புகூட மாட்டிக்கொண்டு நின்றாள்.

"கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம்டி. இப்போ லீவு கேட்டா பேரை அடிச்சிடுவான். கையெழுத்து ஆகட்டும், போகலாம்."

குழந்தையா, தூக்கிக்கொண்டு போக? நேற்று அந்த மெஷின் பக்கத்திலேயே சரிந்துவிட்டார்.

மதியம் கம்பெனிச் சட்டையோடு ஒருவர் வந்தார். அப்பாவின் வயதுதான் இருக்கும். கால்மாட்டில் நின்று கும்பிட்டுவிட்டு, அவளிடம் வந்து தயங்கினார்.

"அப்பாகூட வேலை பார்த்தீங்களா?"

"இல்லம்மா. அவரை நான் பார்த்ததே இல்ல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "காலையிலதான் என்னை அந்த மெஷின்ல போட்டாங்க. அட்டை உள்ள மாட்டிக்கிட்டே இருக்கு. அவர் ஓரத்துல எதையோ தட்டிவிட்டா சரியாயிடுமாம். எதைன்னு யாருக்கும் தெரியல, அங்க எல்லாருமே புதுசு. வீட்ல எப்பவாவது சொல்லியிருக்காராம்மா?"

அப்பா எல்லாம் சொல்வார். பஸ் நெரிசல், சூப்பர்வைசரின் தொப்பை, கேன்டீன் சாம்பாரின் தண்ணீர். மெஷினை மட்டும் வாசல் தாண்டிக் கொண்டுவந்ததில்லை.

"தெரியலையேங்க" என்றாள்.

"பரவாயில்லம்மா. இந்த நேரத்துல வந்து கேட்டுட்டேன், தப்பா எடுத்துக்காத. சாயந்திரத்துக்குள்ள அவங்க சொன்ன கணக்குக்குப் பெட்டி ஓட்டிக் காட்டலைன்னா, நாளைக்கு வர வேணாம்னுட்டாங்க."

"தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க."

அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். வாசலில் குனிந்து ஷூ மாட்டும்போது லேஸ் முடிச்சு இரண்டு தடவை நழுவியது. விட்டுவிட்டு, லேஸ் தரையில் இழுபட, வேகமாக நடந்தார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.